உப்பும் இதயமும்

மும்பையின் வடாலாப் பகுதி உப்பளங்களுக்குப் பெயர்பெற்றது. 1930ஆம் ஆண்டு உப்புச் சத்தியாக்கிரகத்தின்போது தொண்டர்கள் திரண்டுவந்து தடையை மீறி உப்பை அள்ளிய இடங்களுள் அதுவும் ஒன்று. ஏழையின் கஞ்சிக்கும் உப்பு வேண்டும் என்பதனாலேயே அதன்மீதான வரி எதிர்க்கப்பட்டது. உடலுக்கு இன்றியமையாத அவ்வுப்பே அளவு கடந்தால் இதயத்திற்குப் பகையாகிறது. இஃது எவ்வாறு நிகழ்கிறது? எல்லா இன மக்களிடத்தும் ஒரே வகையில் நிகழ்கிறதா?

உடலின் உப்புக் காவலர்

இரத்தத்தின் அழுத்தம் குறையும்போது சிறுநீரகம் ரெனின் என்னும் நொதியை வெளியிடுகிறது. 1898ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டில் டிகர்ஸ்டெட், பெர்க்மன் ஆகிய இருவர் இதனைக் கண்டறிந்தனர். ரெனினின் தூண்டலால் ஆஞ்சியோடென்சின் என்னும் ஹார்மோன் உருவாகிறது. அது இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது; சிறுநீரகத்தின்மேல் அமைந்துள்ள அட்ரீனல் சுரப்பியைத் தூண்டி, ஆல்டோஸ்டீரோன் என்னும் மற்றொரு ஹார்மோனைச் சுரக்கச் செய்கிறது. ஆல்டோஸ்டீரோன், சிறுநீரில் கழிய இருக்கும் உப்பை மீட்டு உடலில் நிறுத்துகிறது. உப்புடன் நீரும் தங்குவதால் அழுத்தம் மீண்டும் உயர்கிறது. உப்பு அரிதாகக் கிடைத்த காலத்தில் மனிதனைக் காத்த ஏற்பாடு இது.

இதயம் பழுதுறும் விதம்

உணவில் உப்பு மிகுந்திருக்கும்போது ஆல்டோஸ்டீரோன் குறையவேண்டும். அவ்வாறு குறையாவிடில் இரத்த அழுத்தம் உயர்ந்தே நிற்கும். அதனை எதிர்த்து உழைக்கும் இதயத்தின் இடது கீழறைச் சுவர் நாளடைவில் தடித்துவிடும். மேலும், மிகுதியான ஆல்டோஸ்டீரோன் இதயத்தசைகளுக்கிடையே நார்த்திசு படியவும் காரணமாகிறது. நார் படிந்த இதயம் இறுகி, விரியும் ஆற்றலை இழக்கிறது. இந்த ஹார்மோனின் செயலைத் தடுக்கும் ஸ்பைரனோலாக்டோன் என்னும் மருந்து, கடுமையான இதயச் செயலிழப்பு உற்றோரிடையே இறப்பினை ஏறத்தாழ 30 விழுக்காடு குறைத்ததாக 1999ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு காட்டியது.

இனங்களும் வேறுபாடுகளும்

அமேசான் காடுகளில் வாழும் யானோமாமி மக்கள் உணவில் உப்புச் சேர்ப்பதில்லை. அவர்களிடம் ரெனினும் ஆல்டோஸ்டீரோனும் மிகுதி. ஆயினும் இரத்த அழுத்தம் மிகக் குறைவு. ஹார்மோன் மட்டுமே தீங்கன்று, அது மிகுந்த உப்புடன் சேரும்போதே தீங்காகிறது என்பதனை இவர்கள் வாழ்க்கை உணர்த்துகிறது.

ஆப்பிரிக்க வழியினரான அமெரிக்கர் பலரிடம் ரெனின் குறைவாகவும், உப்பைத் தேக்கும் இயல்பு மிகுதியாகவும் காணப்படுகின்றன. அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய மெசா ஆய்வு, நான்கு இனப்பிரிவுகளைச் சேர்ந்த 6,814 பேரைத் தொடர்ந்து கண்காணித்தது. அவர்களுள் கறுப்பினத்தவரிடமே இதயச் செயலிழப்பு மிகுதியாகத் தோன்றியது. எனினும், உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, பொருளாதார நிலை ஆகியவற்றைக் கணக்கிட்டுப் பார்த்தபோது அவ்வேறுபாடு பெரிதும் மறைந்தது. எனவே, பிறந்த இனத்தைக் காட்டிலும் வாழும் சூழலும் பேணப்படாத நோயுமே பெரிதும் பொறுப்பாகின்றன எனலாம்.

அந்த நான்கு பிரிவுகளுள் தெற்காசியர் இடம்பெறவில்லை. அக்குறையை நீக்க 2010ஆம் ஆண்டில் 906 பேருடன் மற்றோர் ஆய்வு தொடங்கியது. அதன் பெயர் 'மசாலா'! ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளால் அமைந்த சொல் இது. தெற்காசியரைப் பற்றிய இத்தகைய ஆய்வு இன்றியமையாதது. ஏனெனில், 52 நாடுகளில் நடைபெற்ற இன்டர்ஹார்ட் ஆய்வின்படி, பிற நாட்டவரைவிடத் தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் முன்னதாகவே வருகிறது.

நாம் செய்யத்தக்கது

உயர் இரத்த அழுத்தம் பெரும்பாலும் அறிகுறி எதனையும் காட்டுவதில்லை. ஆகவே, அளந்து பார்த்தலே அதனை அறியும் வழி. நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அஃது ஒரு தேக்கரண்டி அளவே. ஊறுகாய், அப்பளம், கருவாடு, பொட்டலத் தின்பண்டங்கள் ஆகியவற்றிலுள்ள உப்பும் இக்கணக்கில் அடங்கும். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது பழமொழி. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பதும் பழமொழியே. இரண்டையும் சேர்த்து நினைப்போர் இதயம் நலமுறும்.

சொற்பொருள்

நொதி – உடலின் வேதிவினைகளை விரைவுபடுத்தும் பொருள்
விழுக்காடு – நூற்றுக்கு இவ்வளவு என்னும் கணக்கு
அஃது – அது

விடை தருக

1. ஆல்டோஸ்டீரோன் இரத்த அழுத்தத்தை எவ்வாறு உயர்த்துகிறது?
2. யானோமாமி மக்களின் வாழ்க்கை உணர்த்தும் உண்மை யாது?
3. 'இதயநோய்க்கு இனமே காரணம்' என்னும் கூற்று பொருந்துமா? மெசா ஆய்வைக் கொண்டு விளக்குக.
4. உங்கள் வீட்டில் ஒரு நாளில் உப்புச் சேரும் உணவுகளைப் பட்டியலிடுக.