மருந்தின் உரிமையும் மனித உயிரும்



புதிய மருந்தொன்றைக் கண்டுபிடிப்பவருக்கு அரசாங்கம் காப்புரிமை வழங்குகிறது. பொதுவாக 20 ஆண்டுகளுக்கு, அவர் அனுமதியின்றி வேறெவரும் அதைத் தயாரித்து விற்கக் கூடாது. இது நியாயமே. பல ஆண்டு உழைப்பையும் பெரும் பணத்தையும் போட்டவருக்குப் பலன் கிடைக்க வேண்டுமல்லவா?

ஆனால், அந்த உரிமைக்கு எல்லை உண்டா?

சொபோஸ்புவிர் என்றொரு மாத்திரை. கல்லீரலைக் கெடுக்கும் ஹெப்பாடைட்டிஸ் சி நோயைக் குணப்படுத்துவது. 2013-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபோது ஒரு மாத்திரை 1,000 டாலர். 12 வாரச் சிகிச்சைக்கு 84,000 டாலர். நாட்சம்பளத்தில் வாழும் குடும்பம் நினைத்துப் பார்க்கக்கூடிய தொகையா இது?

மலேசிய அரசாங்கம் 2017-இல், 1983-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 84-ஆம் பிரிவைக் கையிலெடுத்தது. உரிமை பெற்ற நிறுவனத்தின் சம்மதம் இல்லாமலே, அதே மருந்தை மலிவாகத் தயாரிப்பவரிடம் வாங்க அப்பிரிவு வழிவிடுகிறது. 2018-இல் அரசாங்க மருத்துவமனைகளில் இச்சிகிச்சை இலவசமாகத் தொடங்கியது. 2003-இல் எச்.ஐ.வி. மருந்துகளுக்கும் இவ்வாறே செய்யப்பட்டது.

இது திருட்டாகுமா? ஆகாது. உரிமையாளருக்குத் தகுந்த ஈட்டுத்தொகை கொடுக்க வேண்டுமென்றும் அதே சட்டம் சொல்கிறது. ஒருவர் எழுதிய நூலைப் பணம் கொடுக்காமல் நகலெடுத்து விற்பது வேறு; அங்கே எவர் உயிரும் ஊசலாடவில்லை.

உழைத்தவருக்குரிய கூலியை மறுப்பது அநீதி. அந்தக் கூலியைக் காட்டி நோயாளியைச் சாகவிடுவது அதைவிடப் பெரிய அநீதி.