பதினைந்து வருடம் யாரும் பார்க்க மாட்டார்கள்

மஞ்சள் போர்டு வண்டி வைத்திருப்பவருக்கு எஃப்.சி. எனும் தகுதிச் சான்று என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை. புது வண்டிக்கு எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, அதன்பிறகு வருடா வருடம் வண்டியைக் கொண்டுபோய்க் காட்டியாக வேண்டும். சொந்தக் காருக்கு அந்தத் தொல்லை கிடையாது. எலுமிச்சம்பழத்தை நசுக்கி ஷோரூமிலிருந்து வெளியே எடுத்த நாள் தொடங்கி, 15 வருடம் கழித்துப் பதிவைப் புதுப்பிக்கப் போகும் நாள்வரை அந்த வண்டியில் பிரேக் பிடிக்கிறதா என்று அரசுத் தரப்பில் யாரும் பார்ப்பதில்லை. இடையில் வாங்கும் புகைச் சான்றிதழ் புகையை மட்டும்தான் அளக்கிறது. நாலு டயரும் மொட்டையாக இருந்தாலும் அது கிடைக்கும்.

சர்வீஸ் விடும்போது பார்த்துவிடுவார்களே என்று ஒரு நம்பிக்கை நமக்கு. ஆயில் மாறும், ஃபில்டர் மாறும், வாட்டர் சர்வீஸ் செய்து மினுமினுவென்று கொடுப்பார்கள். பிரேக் பேடைக் கழற்றிப் பார்த்தார்களா என்பது ஜாப் கார்டில் எழுதியிருந்தால்தான் தெரியும். ‘ஜெனரல் செக்-அப்’ என்ற இரண்டு வார்த்தைக்குக் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தால், பிறகு கேட்க வாய் இருக்காது. எதைப் பார்க்கச் சொன்னோம், எத்தனை மில்லிமீட்டர் மிச்சம் என்று எழுதி வாங்குவது வண்டிக்காரரின் உரிமை.

சட்டம் ஒன்றும் உரிமையாளரைச் சும்மா விட்டுவிடவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-வது பிரிவு இதைப் பற்றித்தான் பேசுகிறது. ஆபத்தான குறையுள்ள வண்டியை, குறை தெரிந்தே ஓட்டினாலும் குற்றம்; சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் என்ற நிலையில் ஓட்டினாலும் குற்றம்; அடுத்தவரிடம் ஓட்டக் கொடுத்தாலும் குற்றம்தான். அபராதம் 1,500 ரூபாய் வரை. அந்தக் குறையால் விபத்து நடந்து யாருக்காவது அடிபட்டால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். “எனக்குத் தெரியாதே சார்” என்ற பதில் அங்கே எடுபடாது.

அப்படியானால் எதைப் பார்ப்பது? டயரிலிருந்து ஆரம்பிப்போம். ரோட்டைத் தொட்டுக்கொண்டிருப்பது அது ஒன்றுதான்.

டயரின் பள்ளங்களுக்குள் விரலை விட்டுத் தடவினால் குறுக்கே சின்னச் சின்ன மேடுகள் தட்டுப்படும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் ஆழம் 1.6 மில்லிமீட்டர் என்று அர்த்தம். காருக்குச் சட்டம் அனுமதிக்கும் கடைசி அளவு அதுதான். அதற்குக் கீழே போனால் மழைத் தண்ணீரை வெளியே தள்ளப் பள்ளம் போதாது. டயர் தண்ணீரின்மேல் மிதக்கும், ஸ்டீயரிங் கையில் இருந்தும் பயனில்லை. தேய்மானம் ஒரு ஓரத்தில் மட்டும் இருந்தால் அலைன்மென்ட் கெட்டிருக்கிறது. இரண்டு ஓரமும் தேய்ந்து நடு நன்றாக இருந்தால் ரொம்ப நாளாகக் காற்று குறைவாக ஓடியிருக்கிறது.

அடுத்தது வயது. டயரின் பக்கவாட்டில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரிசையின் கடைசியில் நான்கு எண்கள் இருக்கும். 3218 என்றிருந்தால் 2018-ஆம் வருடம் 32-வது வாரம் செய்த டயர். அதிகம் ஓடாத கார்களுக்கு வரும் சிக்கல் இங்கேதான். பட்டன் புதுசுபோல இருக்கும், ரப்பர் கெட்டித்துப் பக்கவாட்டில் மயிரிழை வெடிப்பு விட்டிருக்கும். ஐந்தாறு வருடம் தாண்டிய டயரை வருடம் ஒரு முறையாவது லிஃப்டில் ஏற்றி உள்பக்கத்தையும் பார்க்க வேண்டும். பழைய கார் வாங்குகிறவர்கள் பாலிஷ் போட்ட கறுப்பில் மயங்காமல் முதலில் இந்த நான்கு எண்ணைத் தேடுவது நல்லது. ஸ்டெப்னியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். மற்ற டயரைவிடச் சின்ன ஸ்டெப்னி கொடுத்திருந்தால் அது பஞ்சர் கடைவரை போவதற்கு மட்டும். பெரும்பாலும் 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாதே என்று அதிலேயே எழுதியிருக்கும்.

காற்று விஷயத்தில் நம் ஊரில் ஒரு தவறான வைத்தியம் உண்டு: “வெயில் காலம், ரெண்டு பாயிண்ட் கொறச்சே புடிங்க.” வெடிப்பதற்கு வழி அதுதான். காற்று குறைந்த டயரின் பக்கவாட்டு ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி விரிகிறது. அந்த மடிப்பில் சூடு ஏறுகிறது. ஐந்து பேர், டிக்கி நிறையச் சாமான், திண்டிவனம் தாண்டி நாலுவழிச் சாலையில் மணிக்கு நூறு என்றால் அந்தச் சூட்டை ரப்பர் தாங்காது. எவ்வளவு பிடிக்க வேண்டும் என்பதை டிரைவர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரிலேயே போட்டிருப்பார்கள். இரண்டு பேருக்கு ஒரு அளவு, முழுப் பாரத்துக்கு வேறு அளவு. ஓடிச் சூடான டயர் கூடுதலாகக் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கக் கூடாது. கிளம்புவதற்கு முன், வீட்டுக்குப் பக்கத்து பங்க்கில் பார்ப்பதே சரியான அளவு. நைட்ரஜன் பிடித்தால் கவலையே இல்லை என்பதும் வியாபாரப் பேச்சு. சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான்.

பிரேக்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மிதிக்கும்போது கீச்சென்று இரும்பு உரசும் சத்தம் கேட்டால் பேட் முடிந்துவிட்டது என்று அதுவே சொல்கிறது. பெடல் பஞ்சுபோல உள்ளே போனால் வண்டியை எடுக்கவே கூடாது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் பொருள். ஈரம் ஏறினால் ஏற்காடு, கொடைக்கானல் இறக்கத்தில் சூடாகிக் கொதித்துப் பிரேக்கே இல்லாமல் போகலாம். குறைந்திருந்தால் ஊற்றிக்கொள்வதோடு விடாமல், இரண்டு வருடத்துக்கு ஒரு முறை முழுதாக மாற்றச் சொல்லுங்கள். ஏ.பி.எஸ். உள்ள வண்டியில் அவசரத்தில் மிதித்தால் பெடல் காலில் அதிரும். பயந்து காலை எடுத்துவிடாமல் அழுத்தியே வைத்திருக்க வேண்டும்.

வண்டிக்குள் வருவோம். 2022 செப்டம்பர் 4 அன்று மகாராஷ்டிரத்தின் பால்கர் அருகே நடந்த விபத்தில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்தார். விலை உயர்ந்த கார், ஏர்பேக் எல்லாம் உண்டு. முன்சீட்டில் இருந்த இருவரும் பிழைத்தார்கள். சீட் பெல்ட் போடாமல் பின்சீட்டில் இருந்த இருவரும் இறந்தார்கள். அந்த ஒரு வருடத்தில் இந்தியாவில் சீட் பெல்ட் போடாததால் இறந்தவர்கள் 16,715 பேர் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கு. அதில் 8,331 பேர் ஓட்டியவர்கள் இல்லை, கூட வந்தவர்கள்.

பின்னால் உட்காருகிறவருக்குப் பெல்ட் எதற்கு என்பவர்களுக்குப் பள்ளிக்கூடக் கணக்கு ஒன்று போதும். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் கார் மோதி நின்றால், உள்ளே இருப்பவரின் உடம்பு 14 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்த வேகத்தில் எதிரே இருப்பதில் போய் மோதும். நாலாவது மாடி. பெல்ட் போடாத அப்பா பின்னாலிருந்து பறந்து போய் மோதுவது, பெல்ட் போட்டு முன்னால் உட்கார்ந்திருக்கும் மருமகளின் முதுகில். பின்சீட்டுக்கும் பெல்ட் கட்டாயம். போடாவிட்டால் அபராதம் 1,000 ரூபாய். 14 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பெல்டோ குழந்தை இருக்கையோ இல்லாவிட்டாலும் அதே தொகை, கட்டுவது வண்டி ஓட்டுகிறவர்.

ஆனால் பல கார்களில் பின்சீட்டுப் பெல்டைப் போடவே முடியாது. மாட்டும் கொக்கி சீட் கவருக்கு அடியில் புதைந்து கிடக்கும். அரை மணி நேரம் ஒதுக்கித் தோண்டி எடுத்து வெளியே விடுங்கள். பெல்டை வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். சட்டென்று பிடித்துக்கொள்ள வேண்டும். பிடிக்கவில்லை என்றாலோ நூல் பிரிந்திருந்தாலோ மாற்றியாக வேண்டும். பெல்ட் போடாமலே ‘பீப்’ சத்தத்தை ஏமாற்ற ஒரு கொக்கியை ஆன்லைனில் விற்றுக்கொண்டிருந்தார்கள். 2023-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தலையிட்டு ஐந்து நிறுவனங்களின் தளங்களிலிருந்து 13,118 விற்பனைப் பதிவுகளை நீக்க வைத்தது.

ஏர்பேக் இருக்கிறதே என்பார்கள். பெல்ட் போட்டிருப்பவருக்குத் துணையாகத்தான் அதை வடிவமைத்திருக்கிறார்கள். கண் இமைக்கும் நேரத்துக்குள் வெடித்து விரியும் பை அது. அதன் மூடிக்கு மேலே, முன்சீட்டுக்காரருக்கு நேர் எதிரே டேஷ்போர்டில், இருபக்கமும் ஒட்டும் டேப்பில் ஒரு பித்தளைப் பிள்ளையார் உட்கார்ந்திருப்பார். பை விரியும்போது அவர் எந்தத் திசையில் புறப்படுவார் என்று சொல்லத் தேவையில்லை. மூடி இல்லாத இடமாகப் பார்த்து அவரை நகர்த்தி வைக்கலாம், கோபித்துக்கொள்ள மாட்டார். டேஷ்போர்டில் காலைத் தூக்கி வைப்பதும், முன்சீட்டில் குழந்தையை மடியில் வைத்துக்கொள்வதும் இதே காரணத்தால்தான் ஆபத்து. சீட்டின் ஓரத்தில் ஏர்பேக் உள்ள வண்டிக்குக் கடையில் தைக்கும் முழு ரெக்சின் கவர் போட்டால் பை கிழித்துக்கொண்டு வெளியே வர முடியாமல் போகலாம். முன்னால் மாட்டும் இரும்பு பம்பர் மோதலின் அதிர்வு சென்சாருக்குப் போவதைக் கெடுக்கும், குறுக்கே வருகிறவரையும் மோசமாகக் காயப்படுத்தும். அதற்கு எதிராக மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்குச் சொல்லிவிட்டது; இன்னும் கடைக்குக் கடை தொங்குகிறது.

ஓடாத காரும் கொல்லும். 2022 ஜூனில் திருநெல்வேலி மாவட்டம் பணகுடி அருகே நின்றிருந்த காருக்குள் விளையாடப் போன மூன்று குழந்தைகள் கதவைத் திறக்க முடியாமல் மூச்சுத் திணறி இறந்தார்கள். வீட்டு வாசலில் நிற்கும் வண்டியானாலும் பூட்டி, சாவியைக் குழந்தைக்கு எட்டாத இடத்தில் மாட்டுங்கள்.

வாடகைக்கு வண்டி பிடிப்பவர்களும் வண்டியின் காகிதங்களைப் பார்க்க வேண்டும். எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் எஃப்.சி.யும் இன்சூரன்ஸும் எந்தத் தேதிவரை என்று தெரிந்துவிடும். கல்யாணத்துக்கு, கோயிலுக்கு என்று தெரிந்தவரின் ஒயிட் போர்டு காரைக் காசு கொடுத்து எடுத்துப் போகிறோமே, அதில் அடிபட்டால் ‘சொந்த உபயோகத்துக்கு என்ற நிபந்தனையை மீறிவிட்டீர்கள்’ என்று இன்சூரன்ஸ் நிறுவனம் கையை விரிக்க முதல் காரணம் கிடைத்துவிடும்.

இன்சூரன்ஸில் இன்னொரு பள்ளம் இருக்கிறது, பலர் அதில் விழுந்த பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள். ‘தேர்ட் பார்ட்டி’ மட்டும் உள்ள பாலிசி உங்கள் காரால் அடிபட்ட வெளியாளுக்குப் பணம் தரும். உங்கள் காருக்குள் இருந்த உங்கள் மாமனாருக்கும் நண்பருக்கும் அதில் இடமில்லை. அவர்களையும் சேர்ப்பது முழுப் பாலிசி. 2012-13 வாக்கில் வந்த பாலகிருஷ்ணன் வழக்குத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் இந்த வித்தியாசத்தைத் தெளிவாகவே பிரித்துச் சொன்னது. 2018 செப்டம்பருக்குப் பிறகு வாங்கிய புதுக் கார்களுக்குத் தேர்ட் பார்ட்டி மூன்று வருடத்துக்குச் சேர்ந்தே வருகிறது. சொந்தச் சேதத்துக்கான பகுதி பெரும்பாலும் ஒரு வருடத்தில் முடிந்துவிடும். ‘இன்சூரன்ஸ்தான் மூன்று வருடத்துக்கு இருக்கிறதே’ என்று புதுப்பிக்காமல் விட்டால், வண்டிக்குள் இருப்பவர்கள் அன்றிலிருந்து பாதுகாப்பு இல்லாமல்தான் பயணம் செய்கிறார்கள். பாலிசியின் முதல் பக்கத்தை எடுத்து இன்றே பார்த்துவிடலாம்.

விபத்து நடந்துவிட்டால் 108. தேசிய நெடுஞ்சாலையாக இருந்தால் 1033-ம் உண்டு. பணம் கட்டினால்தான் சேர்ப்போம் என்ற பேச்சுக்கு இடமில்லை. தமிழக அரசின் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். 2025 மே மாதம் அறிவித்த மத்திய திட்டத்தில் ஏழு நாள்வரை, ஒருவருக்கு ஒன்றரை லட்சம் ரூபாய்வரை, அதற்கென்று குறிப்பிட்ட மருத்துவமனைகளில் கட்டணமில்லை. தூக்கிக்கொண்டு போய்ச் சேர்த்தவரின் பெயரைக் கேட்டு யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவும் அதன் விதிகளும் காப்பாற்றுகின்றன.

இழப்பீட்டு மனுவை விபத்து நடந்த ஊரில்தான் போட வேண்டும் என்பதில்லை. பாதிக்கப்பட்டவர் குடியிருக்கும் ஊரின் தீர்ப்பாயத்திலேயே போடலாம். சட்டம் வைத்திருக்கும் கெடு ஆறு மாதம். கட்டு பிரிக்கட்டும், காரியம் முடியட்டும் என்று தள்ளிப்போடுகிறவர்கள் அதைத் தவறவிடுகிறார்கள். இடித்துவிட்டு ஓடிய வண்டி எது என்றே தெரியாவிட்டாலும் இறப்புக்கு 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50,000 ரூபாய் கிடைக்கும்.

வண்டியின் தயாரிப்பிலோ சர்வீஸிலோ குறை என்றால் போக வேண்டிய இடம் வேறு. நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழைக்கலாம், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம். 2017-இல் நடந்த ஒரு மோதலில் ஏர்பேக் விரியாத ஹூண்டாய் கிரெட்டா வழக்கில், மோதிய வேகத்தையும் விசையையும் கணக்குப் போட்டுக் காட்டச் சொல்லி வாடிக்கையாளரைக் கேட்க முடியாது, அவர் இயற்பியல் நிபுணர் இல்லை என்று 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொல்லி, மூன்று லட்சம் ரூபாயும் வண்டியை மாற்றித் தரவும் உத்தரவிட்ட தீர்ப்பை உறுதி செய்தது. ஆனால் ஏர்பேக் விரியவில்லை, பெல்ட் பிடிக்கவில்லை என்பதற்கு ஆதாரம் அந்த வண்டிதான். இழுவை வண்டி வருவதற்கு முன் டேஷ்போர்டு, ஸ்டீயரிங், பெல்ட், டயர் எல்லாவற்றையும் தேதியோடு படம் எடுத்து, நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் அனுப்பி, ஆய்வு முடியும்வரை பாகங்களைக் கழற்றக் கூடாது என்று ஒர்க்‌ஷாப்பில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். அவர்கள் நல்லெண்ணத்தோடு சரி செய்து கொடுத்துவிட்டால்கூட, பிறகு காட்ட ஒன்றும் இருக்காது.