என் மேசையில் இப்போ மூணு புத்தகம்: ஒரு திருத்தந்தை, ஒரு தொழிற்சாலைப் பெண், ஒரு ஆயர்

கத்தோலிக்கன்னா ஜெபப் புத்தகத்துக்கு மேல என்ன படிப்பேன்னு கேக்குறவங்களுக்காக இந்த எபிசோட். இப்போ மூணு பேரை மாத்தி மாத்திப் படிச்சுட்டு இருக்கேன். அரசியல், தத்துவம், மதம்னு தனித்தனியா அடுக்கலாம். ஆனா மூணையும் சேர்த்துப் படிக்க எனக்கு ஒரு காரணம் இருக்கு: வேலை ஒரு மனுஷனை என்ன செய்யுதுங்கிற கேள்வி. ஆட்களையே ‘ரிசோர்ஸ்’னு எண்ணுற, ஏ.ஐ. கோட் எழுத ஆரம்பிச்சுட்ட நம்ம துறையில இது வயித்துப்பாட்டுக் கேள்வி.

முதல்ல, ‘ரேரும் நோவாரும்’. 1891-இல் திருத்தந்தை 13-ஆம் லியோ வெளியிட்ட சுற்றுமடல். 2025 மே மாதம் தேர்வான 14-ஆம் லியோ, அந்தப் பெயரை எடுத்ததற்கு இதையே முக்கியக் காரணமாகச் சொன்னார்: அன்று தொழிற்புரட்சி, இன்று செயற்கை நுண்ணறிவு. (இவர் கணிதப் பட்டதாரி!)

இரு தரப்பும் ஒப்புக்கொண்டுவிட்டதாலேயே ஒரு கூலி நியாயமாகிவிடாது என்கிறது அந்த மடல். சிக்கனமாக வாழும் தொழிலாளியின் பிழைப்புக்காவது அது போதுமானதாக இருக்க வேண்டும். “ஆஃபர் லெட்டர்ல கையெழுத்து போட்டீங்கல்ல, அப்புறம் என்ன?”ங்கிற வாதத்துக்கு 130 வருஷம் முன்னாடியே பதில் சொல்லியாச்சு! சங்கம் சேரும் உரிமையை ஏற்கும் அதே மடல், சோஷலிசத்தை மறுத்து, தனிச்சொத்தைக் காக்கிறது. என் இடதுசாரி நண்பர்களுக்கும் வலதுசாரி நண்பர்களுக்கும் பாதிப் பாதிதான் பிடிக்கும்.

ரெண்டாவது, சிமோன் வெய்ல். பாரிஸில் யூதக் குடும்பத்தில் 1909-இல் பிறந்தவர், தத்துவ ஆசிரியை. 1934 டிசம்பரில் வேலைக்கு விடுப்பு போட்டுவிட்டு, தொழிற்சாலைக் கூலியாகச் சேர்ந்தார். அங்கே எழுதிய நாட்குறிப்பில் தலைவலி, பீஸ் கணக்கு, மேஸ்திரியின் அதட்டல் எல்லாம் வருது. என்னை நிறுத்துனது வேற: களைப்பும் வேகமும் சேர்ந்தா சிந்திக்கிற சக்தியே போயிடுதுன்னு அவர் கவனிச்சது.

அதற்குச் சற்று முன் எழுதிய கட்டுரையில் மார்க்ஸையும் விமர்சித்தார். ஆலையின் உரிமையாளர் மாறினால் மட்டும் போதாது. யோசிப்பவர் ஒருவர், சொன்னதைச் செய்பவர் இன்னொருவர் என்ற பிரிவு இருக்கும்வரை ஒடுக்குமுறையும் இருக்கும் என்பது அவர் வாதம். அப்போ லியோ கேட்ட நியாயமான கூலி கிடைச்சாலும் கதை முடியலை. ஏ.ஐ. தர்ற கோடை நாள் முழுக்க ‘அப்ரூவ்’ மட்டும் பண்ற ஒருத்தர் இதைப் படிச்சா எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. சம்பளம் நல்லா இருக்கலாம். யோசிக்கிற பங்கு யார்கிட்ட இருக்கு?

மூணாவது, புனித அகுஸ்தீனின் ‘கடவுளின் நகரம்’. 410-இல் விசிகோத்துகள் ரோமைச் சூறையாடினார்கள்; பழைய தெய்வங்களைக் கைவிட்டதால்தான் இந்தக் கதி என்று கிறிஸ்தவர்கள் மேல் பழி விழுந்தது. அதற்குப் பதிலாகத் தொடங்கியது 22 பாகங்களாக வளர்ந்தது. ரோமின் வரலாற்றை ஓட்டியது அடக்கியாளும் ஆசை, அந்த ஆசைக்கு ரோமே அடிமையானது என்கிறார். எந்த அரசும் கடவுளின் நகரம் ஆகாது; ஆனாலும் இங்கே கிடைக்கும் அமைதி அற்பமானதல்ல, அதைப் பேணத்தான் வேண்டும்.

இப்போ மிக்ஸ் புரியும். லியோவை மட்டும் படிச்சா, சட்டம் சரியா இருந்தா போதும்னு தோணும். வெய்ல் அந்த இடத்துல மடக்குறாங்க. வெய்லை மட்டும் படிச்சா, வேலை முறையை மாத்திட்டா மனுஷன் சரியாயிடுவானான்னு ஒரு சந்தேகம் வரும்; அகுஸ்தீன் அதைப் பிடிச்சுக்கிறார். அகுஸ்தீனை மட்டும் படிச்சா “உலகம் இப்படித்தான்”னு கைகழுவிடலாம். அப்போ திரும்ப லியோ வந்து, அந்தத் தொழிலாளிக்கு இந்த மாசக் கூலி என்னன்னு கேக்குறார்.

வெய்ல் கிறிஸ்துவை அவ்வளவு நேசிச்சும், திருமுழுக்குக்குத் தயங்கி வெளியிலேயே நின்னவர். வாசல்ல நின்னு அவர் கேக்குற கேள்விகள், உள்ள உட்கார்ந்திருக்கிற எனக்குத் தேவைப்படுது.

தொடங்குறவங்களுக்கு: லியோவின் மடலை ஒரே உட்காரலில் முடிக்கலாம், வத்திக்கான் தளத்தில் இலவசம். அடுத்து வெய்லின் ஆலை நாட்குறிப்பு. அகுஸ்தீனை முதல் பக்கத்துல இருந்து பிடிக்காதீங்க. அமைதியைப் பற்றிய 19-ஆம் பாகத்துல நுழைங்க. படிச்சுட்டு யாரோட சண்டை போடணும்னு தோணுதுன்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பேசுவோம்.