பழைய ராணுவப் பதக்கங்களை அடையாளம் காண்பது எப்படி?

சுருளிப்பட்டி, கம்பம், கூடலூர் பகுதிகளில் பட்டாளத்துக்குப் போய் வந்த குடும்பங்கள் உண்டு. அவர்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் கிடக்கும் பதக்கமும் தொப்பி வில்லையும் பழைய பித்தளையோடு சேர்ந்து பாத்திரக் கடைக்கோ, அடகுக் கடைக்கோ, பழைய இரும்புக் கடைக்கோ வந்து விடுகின்றன. உருக்கிவிட்டால் திரும்பாத பொருள் இது. ஆகவே வணிகர்களாகிய நாம் இதைப் பற்றிச் சிறிது தெரிந்து கொள்வது நல்லது.

முதலில் விளிம்பைப் பார்க்க வேண்டும். 1914-18 போருக்கான பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் வெள்ளியால் ஆனது. குறுக்களவு 36 மில்லிமீட்டர். ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தலை, மறுபக்கம் குதிரை வீரன். விளிம்பைச் சுற்றி வீரரின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவை ஆங்கிலத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். 63-ஆவது பாளையங்கோட்டை, 83-ஆவது வாலாஜாபாத் காலாட்படைகள் நம் மாகாணத்தைச் சேர்ந்தவை. இதே பதக்கத்தைத் தொழிலாளர் படையில் போனவர்களுக்கு வெண்கலத்தில் கொடுத்தார்கள். வெண்கலம்தானே என்று தள்ளிவிடக் கூடாது. வெள்ளியைவிட அதுவே அரிது.

அடுத்த போரின் பதக்கங்களில்தான் பலர் ஏமாறுகிறார்கள். சிங்கம் நிற்கும் 1939-45 போர்ப் பதக்கமும், இந்திய வரைபடம் உள்ள இந்தியா சேவைப் பதக்கமும் வெள்ளி போல் மின்னும். நம்மவர்களுக்குக் கொடுத்தவை செம்பும் நிக்கலும் கலந்தவை. வெள்ளி விலை கொடுத்தால் நஷ்டம். பர்மா ஸ்டார் போன்ற ஆறுமுனை நட்சத்திரங்களைப் பிரிட்டனில் பெயர் பொறிக்காமலே வழங்கினார்கள். இந்தியப் படையினருக்குப் பெயர் பொறித்து வழங்கினார்கள்.

வில்லையில் கிரீடம் இருந்தால் வெள்ளையர் கால வடிவம். அசோகச் சிங்கம் இருந்தால் குடியரசுக் கால வடிவம். மதராஸ் ரெஜிமெண்ட் வில்லையில் உள்ள யானை 1803 அசாயே போரின் நினைவு.

நகல்களும் உண்டு. அச்சில் அடித்ததில் எழுத்து கூர்மையாக நிற்கும். வார்ப்பு நகலில் எழுத்து மழுங்கி, முகத்தில் பொடிக் குழிகள் தெரியும். ஓரத்தில் அரம் போட்ட கோடு இருக்கும். நேதாஜியின் ஆசாத் ஹிந்த் பதக்கங்கள் போருக்குப் பின்னும் அடித்து விற்கப்பட்டன. அவற்றில் கூடுதல் கவனம் தேவை.

புளி, சாம்பல், பாலிஷ் போட்டுத் தேய்க்க வேண்டாம். தேய்த்தால் எழுத்து போகும், மதிப்பும் போகும்.

சட்டத்தையும் நினைவில் வைக்க வேண்டும். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, 100 ஆண்டு கடந்த வரலாற்றுப் பொருளை உரிமம் இன்றி விற்று வியாபாரம் செய்யக் கூடாது. தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவும் கூடாது. முதல் உலகப் போர்ப் பதக்கங்கள் இந்த வயதை எட்டிவிட்டன.

1980 ஜனவரியில் உலகச் சந்தையில் வெள்ளி அவுன்ஸ் 50 டாலரை நெருங்கியபோது, இங்கிலாந்திலேயே இப்பதக்கங்கள் ஏராளமாக உருக்கப்பட்டன. ஒவ்வொன்றோடும் ஒரு பெயர் அழிந்தது. பாஸ்ரா வரை போன ஒருவருக்கு ஊரில் போட்டோகூட இல்லாமல் இருக்கலாம்; அவர் போனதற்குச் சாட்சி அந்த விளிம்பு எழுத்து மட்டுமே.

ஆகவே தராசில் வைக்கும் முன் அந்தப் பெயரைக் கொண்டு வந்தவருக்குப் படித்துக் காட்டுவோம். தாத்தா பெயர் என்று தெரிந்தால் பெரும்பாலோர் திரும்ப எடுத்துப் போவார்கள். வைத்துக்கொள்ள விருப்பமில்லாதவர்களுக்குச் சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தைச் சொல்லலாம். இதனால் நமக்குப் போவது ஒரு சிறு லாபம். வருவது ஒரு குடும்பத்தின் நம்பிக்கை. கடைக்கு அதுவே முதல்.