முதலில் மைக்ரோன், பிறகு ரூபாய்

“அங்கிள், கண்ணுக்கு லேசர் செய்யலாமா? அந்தக் காசுக்குப் பெறுமதி இருக்கா?”

பக்கத்து வீட்டு மகள் கேட்டது இது. வயது இருபத்தைந்து. கொழும்பில் அலுவலகம், நாள் முழுக்கக் கணினி, ஏசி அறை. வத்தளையிலிருந்து ஸ்கூட்டரில்தான் போய்வருகிறாள். மழை பெய்தால் ஹெல்மெட்டுக்குள் கண்ணாடி மங்கிவிடும். கழற்றினாலும் வீதி தெரியாது. இரண்டு கண்ணிலும் பவர் மைனஸ் ஐந்து. பிளேன்டீயை ஊற்றிக் கொடுத்துவிட்டு, பழைய கரண்ட் பில் ஒன்றின் பின்பக்கத்தில் அவளுக்கு எழுதிக் காட்டியதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். வத்தளை, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை என்று எங்கு போனாலும் இதே கேள்வியோடு இளம் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

கண்ணாடி கண்ணுக்கு வெளியே நின்று ஒளியை வளைக்கிறது. லேசர் கண்ணின் வடிவத்தையே மாற்றுகிறது. கண்ணின் முன்னால் தெளிவாக இருக்கும் படலத்துக்குக் கோர்னியா என்று பெயர். அதன் நடுப்பகுதியின் தடிப்பு சராசரியாக 540 மைக்ரோன், அதாவது அரை மில்லிமீற்றருக்குச் சற்று மேல். கிட்டப்பார்வை உள்ளவருக்கு ஒளி விழித்திரைக்கு முன்பே குவிந்துவிடுகிறது. கோர்னியாவின் நடுவைக் கொஞ்சம் தட்டையாக்கினால் ஒளி குவியும் புள்ளி பின்னால் தள்ளிப்போய்ச் சரியான இடத்தில் விழும். செய்வது இவ்வளவுதான். ஆனால் தச்சன் சீவுளி போட்ட பலகை மாதிரி, சீவிய சீவலை மறுபடி ஒட்ட வழியில்லை. அதனால்தான் ரூபாய்க் கணக்குக்கு முன்னால் மைக்ரோன் கணக்கைப் பார்க்கச் சொல்கிறேன்.

இந்தச் சீவலைச் சாத்தியமாக்கியவர்களில் ஒருவர் சென்னையில் பிறந்தவர். ரங்கசாமி ஸ்ரீனிவாசன், 1929இல் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் இரசாயனம் படித்து, அமெரிக்கா போய் ஐபிஎம் ஆய்வுகூடத்தில் வேலை செய்தவர். 1981 நவம்பரில், அங்கே நன்றி தெரிவிக்கும் திருநாள் விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டை மறுநாள் ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோய், 193 நானோமீற்றர் புற ஊதா லேசரை அதன்மேல் பாய்ச்சினார். வெட்டு சுத்தமாக விழுந்தது; அருகில் எங்கும் கருகவில்லை. அந்த ஒளி திசுவைச் சுடுவதில்லை. மூலக்கூறுகளின் பிணைப்பை அறுத்து, ஒரு துடிப்புக்கு ஏறத்தாழ கால் மைக்ரோன் அளவு மட்டும் அகற்றுகிறது. ஜேம்ஸ் வின், சாமுவேல் பிளம் என்ற இருவரும் அவருடைய கூட்டாளிகள். 1983இல் நியூயோர்க் கண் வைத்தியர் ஸ்டீபன் ட்ரோக்கலும் ஸ்ரீனிவாசனும் சேர்ந்து இது கோர்னியாவுக்குப் பொருந்தும் என்று காட்டினார்கள். 2013இல் அந்த ஐபிஎம் மூவருக்கும் அமெரிக்க ஜனாதிபதி ஒபாமா தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் அணிவித்தார். சென்னையில் படித்த ஒருவரின் கை பட்ட கருவிக்குத்தான் நம் பிள்ளைகள் கண்ணைக் கொடுக்கிறார்கள் என்பதில் எனக்கு ஒரு மகிழ்ச்சி உண்டு.

இனி அந்த கரண்ட் பில்லுக்கு வருவோம்.

லேசிக் முறையில் முதலில் கோர்னியாவின் மேற்பகுதியில் மெல்லிய மூடி ஒன்றை வெட்டித் திறப்பார்கள். அதற்கு ஏறத்தாழ 110 மைக்ரோன் போகும். அதன் கீழே ஒவ்வொரு பவருக்கும் ஏறத்தாழ 15 மைக்ரோன் லேசர் சீவும். மகளுக்கு மைனஸ் ஐந்து, ஆகவே 75. கோர்னியாவின் தடிப்பு 510 என்று வைத்துக்கொண்டால், 510இல் 110 கழித்து, இன்னொரு 75 கழித்தால் மிச்சம் 325. மூடியை மறுபடி வைத்தாலும் அது முன்போல் பலம் தராது. பாரத்தைத் தாங்குவது இந்த மிச்சம்தான். 250க்குக் கீழே போகவே கூடாது. 300க்கு மேல் இருந்தால் வைத்தியர்களுக்கு நிம்மதி. இன்னொரு கணக்கும் உண்டு: வெட்டியதும் சீவியதும் சேர்ந்து மொத்தத் தடிப்பில் நூற்றுக்கு 40ஐ எட்டினால் ஆபத்து ஏறுகிறது. இவளுக்கு 36. பரவாயில்லை.

இப்போது வேறொரு பிள்ளை. மைனஸ் எட்டு, கோர்னியா 480. 110உம் 120உம் போனால் மிச்சம் 250. நூற்றுக்கு 48 பகுதி கைவைக்கப்பட்டுவிடும். அந்தப் பிள்ளைக்கு எவ்வளவு சலுகை விலை சொன்னாலும் லேசிக் வேண்டாம். இருவருடைய கையிலும் ஒரே அளவு காசு இருக்கலாம், கண் ஒன்றல்ல.

தடிப்பு மட்டும் போதாது, வடிவமும் பார்க்க வேண்டும். கோர்னியா பலம் குறைந்து முன்பக்கமாகக் கூம்பி வரும் நோய் ஒன்று இருக்கிறது, கெரட்டோகோனஸ். தொடக்கத்தில் அது வெளியே தெரியாது. கண்ணாடிக் கடையில், “பவர் ஏறுது, சிலிண்டர் கூடுது” என்பார்கள், அவ்வளவுதான். இங்கிலாந்தில் எடுத்த கணக்குகளில் தெற்காசியக் குடும்பங்களின் பிள்ளைகளிடம் இது வெள்ளையரைவிடப் பல மடங்கு அதிகமாகக் காணப்பட்டது. கண்ணைக் கசக்கும் பழக்கம் அதை மோசமாக்கும். நீர்கொழும்பு வீதித் தூசியும் வாகனப் புகையும் பட்டு, ஒவ்வாமையில் கண்ணைக் கசக்கிக்கொண்டே வளரும் பிள்ளைகள் எத்தனை பேர்! கூம்பத் தொடங்கிய கோர்னியாவில் லேசிக் செய்தால், அது மேலும் தளர்ந்து முன்தள்ளி, எந்தக் கண்ணாடியாலும் திருத்த முடியாத பார்வையில் கொண்டுபோய் விடலாம். சில வேளை கடைசி வழி இன்னொருவருடைய கோர்னியாவை வைத்துத் தைப்பதுதான். 1961இல் வைத்தியர் ஹட்சன் சில்வா தொடங்கிய கண்தான சங்கத்தின் மூலம் உலகெங்கும் கோர்னியா அனுப்பிய நாடு நம்முடையது. முதல் தானம் 1964இல் சிங்கப்பூருக்குப் போனது. அந்தப் படலத்தின் அருமை நமக்குத் தெரியாததல்ல.

ஆகவே காசு கொடுத்து வாங்குவதில் மிகப் பெறுமதியானது பரிசோதனைதான், அறுவை அதற்கு அடுத்தது. கோர்னியாவின் முன், பின் இரு பக்கங்களையும் வரைபடமாக எடுக்கும் கருவி வேண்டும். கண்ணீர் அளவைப் பார்க்க வேண்டும். இருட்டில் கண்மணி எவ்வளவு விரிகிறது என்று பார்க்க வேண்டும். சொட்டு விட்டு விழித்திரையைப் பார்க்க வேண்டும். கொண்டாக்ட் லென்ஸ் போடுகிறவர் மென்லென்ஸ் என்றால் குறைந்தது இரண்டு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் லென்ஸ் அழுத்திய வடிவம்தான் படத்தில் விழும். ஒரு வருடமாவது பவர் மாறாமல் இருந்திருக்க வேண்டும், பழைய கண்ணாடிச் சீட்டுகளை எடுத்துக்கொண்டு போங்கள். வயிற்றில் பிள்ளை இருக்கும்போதும் பால் கொடுக்கும்போதும் வேண்டாம். “உங்களுக்கு இது சரிவராது” என்று ஒரு வைத்தியர் சொன்னால், சனல் பண்ணிய காசு வீண்போனதாக நினைக்காதீர்கள். அந்தச் சொல்லுக்காகத்தான் காசு கொடுத்தீர்கள். முடிந்தால், லேசர் கருவியோடு எந்தத் தொடர்பும் இல்லாத இன்னொரு கண் வைத்தியரிடமும் அறிக்கைகளைக் காட்டுங்கள்.

“எல்லாம் சரி என்று வந்தால், அங்கிள், பயமில்லையா?”

பயம் குறைவு. ஆனால் தொல்லை இல்லை என்று சொல்லமாட்டேன். அமெரிக்க அரசின் உணவு, மருந்து நிர்வாகம் நடத்தி 2017இல் வெளிவந்த ஆய்வு ஒன்று இருக்கிறது. அறுவைக்கு முன்னும் பின்னும் நோயாளிகளையே கேட்டார்கள், வைத்தியர்களை அல்ல. முன்பு எந்தப் பார்வைத் தொல்லையும் இல்லாதவர்களில் நூற்றுக்கு 43 முதல் 46 பேர், மூன்றாம் மாதத்தில் புதிதாக ஒன்றையாவது சொன்னார்கள்: விளக்கைச் சுற்றி வட்டம், வெளிச்சம் சிதறுவது, நிழல் படிவது. முன்பு கண் உலர்வு இல்லாதவர்களில் நூற்றுக்கு 28 பேரளவில் புதிதாக உலர்வைச் சொன்னார்கள். அதே ஆய்வில் நூற்றுக்கு 95க்கும் மேற்பட்டோர் பார்வையில் திருப்தி என்றார்கள். அன்றாட வேலைக்கே பெரும் இடைஞ்சல் வந்தவர்கள் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. விளம்பரத்தில் இந்த 95 மட்டும் வரும். பயமுறுத்துகிறவர் வாயில் 46 மட்டும் வரும். இரண்டும் ஒரே ஆட்களைப் பற்றிய எண்கள். தொல்லை இருந்தும் பெரும்பாலோர் திருப்தியாக இருக்கிறார்கள் என்பதே அதன் பொருள்.

உலர்வு ஏன் வருகிறது? கோர்னியாவில் நுண்ணிய நரம்புகள் ஏராளம். கண் காய்ந்துவிட்டது, கண்ணீர் விடு என்று சொல்வது அவைதான். மூடி வெட்டும்போது அவையும் அறுபடும். பலருக்கு ஆறு மாதம், ஒரு வருடத்தில் மீண்டு வரும்; மிகச் சிலருக்கு நீண்ட நாள் வலியாகவே தங்கிவிடுகிறது. கணினியைப் பார்க்கும்போது இமைப்பது குறையும், ஏசிக் காற்று இன்னும் காயவைக்கும். மகளின் வேலை அந்த இரண்டும் சேர்ந்தது. அதனால் அவளுக்கு நான் அழுத்திச் சொன்னது கண்ணீர்ப் பரிசோதனையை. இரவில் களனி ஆற்றைக் கடந்து ஸ்கூட்டரில் வருகிறாள். எதிரே வரும் லொறி விளக்குகள் சில மாதம் விரிந்து தெரியலாம். அந்த மாதங்களில் பஸ்ஸில் போய்வர முடியுமா என்று இப்போதே யோசிக்க வேண்டும்.

லேசிக் ஒன்றுதான் வழி என்றில்லை. பிஆர்கே என்ற பழைய முறையில் மூடி வெட்டுவதில்லை, மேல் தோலை மட்டும் அகற்றிச் சீவுவார்கள். சில நாள் நல்ல வலி, பார்வை தெளிய வாரக்கணக்கு ஆகும். ஆனால் கராட்டி, குத்துச்சண்டை, இராணுவம் என்று கண்ணில் அடிபடக்கூடியவருக்கு அதுதான் பொருத்தம், ஏனென்றால் லேசிக் மூடி பல வருடம் கழித்தும் பலத்த அடியில் விலகலாம். ஸ்மைல் முறையில் சிறு துளை வழியே உள்ளிருந்து ஒரு வில்லையை எடுப்பார்கள், மூடி இல்லை. பவர் மிக அதிகம், கோர்னியா மெல்லியது என்றால் கண்ணுக்குள்ளேயே ஒரு லென்ஸ் வைப்பதும் உண்டு. அதைத் திரும்ப எடுக்கலாம். ஆனால் அது கண்ணைத் திறந்து செய்யும் வேலை, செலவும் கூட.

பேச்சுக்கு நடுவில் அவளுடைய அம்மாவும் வந்து, “எனக்கும் செய்யலாமா அண்ணா?” என்று கேட்டார். வயது நாற்பத்தாறு, மைனஸ் இரண்டு. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத்தான் ஊசியில் நூல் கோர்க்கிறார், அரிசியில் கல் பொறுக்குகிறார். லேசர் செய்தால் தூரம் தெரியும். இந்தக் கிட்டப் பார்வை போய்விடும், வாசிக்கக் கண்ணாடி வாங்க வேண்டி வரும். நாற்பதுக்குப் பிறகு கண்ணுக்குள் இருக்கும் வில்லை இறுகுவதை இந்த லேசர் தடுக்காது. அவருக்கு வேண்டாம் என்றேன். மகளுக்கும் இதே காலம் வரும். அவள் வாங்குவது ஏறத்தாழ இருபது வருடக் கண்ணாடியில்லாக் காலம், ஆயுள் முழுவதற்கும் அல்ல.

ரூபாய்க் கணக்கை அந்த இருபது வருடத்தால்தான் வகுக்க வேண்டும். ஒரு பக்கம், கண்ணாடி மாற்றும் செலவு, லென்ஸ், லென்ஸ் கழுவும் திரவம். மறு பக்கம், இரண்டு கண்ணுக்குமான கட்டணம், பரிசோதனை, சொட்டுமருந்து, ஒரு வருடத் தொடர் பார்வை, பவர் மிச்சமிருந்தால் மறுபடி திருத்தும் செலவு. இதெல்லாம் சொன்ன தொகைக்குள் அடக்கமா என்று எழுத்தில் கேளுங்கள். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியபோது இறக்குமதி மருந்து எல்லாம் என்ன விலைக்குப் போனது என்று நமக்குத் தெரியும். சொட்டுமருந்தை மலிவு பார்த்து எங்கேயோ வாங்கவும் வேண்டாம். 2023 ஏப்ரலில் நுவரெலியாவில் கண்புரை அறுவை செய்தவர்கள், அறுவைக்குப் பின் விட்ட சொட்டுமருந்தால் பார்வை பாதிக்கப்பட்டதை நாடே பேசியது. லேசருக்குப் பிறகும் சொட்டுமருந்து பல வாரம் விட வேண்டும்.

சென்னைக்குப் போகலாமா என்றும் கேட்கிறார்கள். சங்கர நேத்ராலயா 1978இலிருந்து இருக்கிறது, மதுரை அரவிந்த் 1976இலிருந்து. திறமைக்குக் குறைவில்லை. ஆனால் மறுநாள், ஒரு வாரம், ஒரு மாதம், மூன்று மாதம் என்று காட்ட வேண்டும். இரவு கண் சிவந்து வலித்தால் கட்டுநாயக்காவுக்கா ஓடுவது? இங்கே அந்த அறிக்கையை வாசித்துப் பார்க்க ஒரு வைத்தியரை முன்கூட்டியே பேசி வைத்தால் மட்டும் போங்கள்.

நகையை அடகு வைத்துச் செய்யாதீர்கள். கண்ணாடி போட்டால் இந்தக் கண் கெட்டுப்போவதில்லை, அடுத்த வருடம் செய்தாலும் ஒன்றும் குறையாது. மாப்பிள்ளை வீட்டார் கண்ணாடியைக் குறை சொன்னார்கள் என்பதற்காக எந்தப் பெண்ணும் தன் கோர்னியாவைச் சீவக் கொடுக்கக் கூடாது. இதை எந்த வீட்டிலும் எழுந்து நின்று சொல்வேன். மறுபக்கம், கொண்டாக்ட் லென்ஸைப் போட்டபடியே தூங்கி, குழாய்த் தண்ணீரில் கழுவி வைக்கிற பிள்ளைக்கு, பரிசோதனையில் தேறினால், லேசர்தான் குறைந்த ஆபத்து என்றும் சொல்வேன். அந்தப் பழக்கத்தில் வரும் கிருமித்தொற்று ஒரே வாரத்தில் கோர்னியாவைத் தின்றுவிடலாம்.

மகள் செய்வதென்று முடிவெடுத்தால் ஒன்றை மறக்கக் கூடாது. அறுவைக்கு முன் எடுத்த பவர், தடிப்பு, வரைபடம் எல்லாவற்றுக்கும் பிரதி வாங்க வேண்டும். அறுபது வயதில் கண்புரை வந்தால், உள்ளே வைக்கும் லென்ஸின் பவரைக் கோர்னியாவின் வளைவை வைத்துத்தான் கணிப்பார்கள். லேசர் பட்ட கோர்னியாவில் வழக்கமான கணக்குப் பிழைக்கும். அன்றைக்கு இருக்கும் வைத்தியருக்கு இந்தத் தாள்கள் உதவும். அந்த வைத்தியசாலை அப்போது இருக்குமோ தெரியாது. ஒரு பிரதியை ஃபோனில் படமெடுத்து மின்னஞ்சலுக்கு அனுப்பிவிட்டு, மூலத்தைக் காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழும் இருக்கிற அதே கோப்பில் வையுங்கள்.