வகுப்பறைக்கு வெளியே ஓர் அரையாண்டு

இறுதியாண்டில் பாதியை நிறுவனத்தில் கழித்தால் படிப்பு என்னாகும்? ஐதராபாத்தில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் பெற்றோரின் கவலை நமக்குப் புரிகிறது.

1973-இல் பிலானியில் தொடங்கிய ‘பிராக்டிஸ் ஸ்கூல்’ திட்டம், 2008-இல் உருவான பிட்ஸ் பிலானியின் ஐதராபாத் வளாகத்திலும் நடைபெறுகிறது. இரண்டாம் ஆண்டு முடிந்ததும் கோடையில் ஏறத்தாழ இரண்டு மாதம். இறுதியாண்டில் ஐந்தரை மாதம். இது விடுமுறை வேலையன்று, பாடமே. ஆசிரியர் மேற்பார்வையில் மாணவர் அறிக்கை அளிப்பார், கருத்தரங்கில் பேசுவார், மதிப்பீடும் உண்டு. இறுதியாண்டுப் பயிற்சிக்கு மாற்றாக ஆய்வேட்டையும் தேர்ந்தெடுக்கலாம்.

பணத்தைப் பற்றியும் முன்கூட்டியே சிந்திப்போம். பயிற்சிப் பருவத்துக்கும் கல்விக் கட்டணம் உண்டு. பயிற்சியிடம் வேற்றூரில் அமைந்தால் வாடகை, உணவு, பயணச் செலவுகள் சேரும். உதவித்தொகையோ நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடும். அதை மட்டும் நம்பியிருத்தல் ஆகாது. இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக்கடன் திட்டம், படிப்பை முடிக்கத் தேவையான கல்விச் சுற்றுலா, செயல்திட்டப் பணி, ஆய்வேடு முதலியவற்றின் செலவுகளுக்கும் இடமளிக்கிறது. எனவே, விண்ணப்பிக்கும்போதே பயிற்சிக்காலச் செலவையும் குறிப்பிட்டு, எவ்வளவு ஏற்கப்படும் எனக் கிளையில் கேட்டறிவது நலம்.

புறப்படும் பிள்ளையிடம் அன்றாட வரவு செலவை எழுதிவரச் சொல்வோம். அதுவும் ஒரு பயிற்சியே.