கடைசிச் சுற்று – 6: டாம்பாவின் செப்டம்பர்

2011இல் அமெரிக்க பேஸ்பாலில் நடந்ததை எல்லோரும் 'பாஸ்டன் சரிந்த கதை' என்றே சொல்கிறார்கள். சரிந்தது உண்மைதான். செப்டம்பர் பிறந்தபோது பாஸ்டன் ரெட் சாக்ஸ் கையில் 83 வெற்றிகள். டாம்பா பே ரேஸ் கையில் 74. மிச்சம் 27 ஆட்டங்கள். அவற்றில் பாஸ்டன் வென்றது ஏழே ஏழு.

ஆனால் அந்த மாதம் இவ்விரு அணிகளும் ஏழு முறை நேருக்கு நேர் மோதின. ஆறில் வென்றது டாம்பா. பறிகொடுத்தவரைப் பற்றியே பேசினால் பறித்தவரின் உழைப்பு மறைந்துபோகிறது. எனக்கு அது பொறுக்கவில்லை.

டாம்பாவின் மொத்தச் சம்பளப் பட்டியல் பாஸ்டனுடையதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. அணியின் செல்லப்பிள்ளை கார்ல் கிராஃபோர்டையே முந்தைய குளிர்காலத்தில் 14.2 கோடி டாலர் ஒப்பந்தத்தில் பாஸ்டன் தூக்கிக்கொண்டு போயிருந்தது. மிஞ்சியது தாங்களே வளர்த்த பிட்சர்கள். அவர்களில் ஜேம்ஸ் ஷீல்ட்ஸ் அந்த ஆண்டு 11 ஆட்டங்களில் தொடக்கம் முதல் முடிவு வரை தானே பந்து வீசினார். மாற்று பிட்சர்களை நம்பியே அணிகள் ஓடும் காலத்தில் அது அசாத்தியம்.

162 ஆட்டங்களில் 161 முடிந்தபோது இரு அணிகளுக்கும் 90 வெற்றிகள். பிளேஆஃபுக்குள் நுழைய எஞ்சியிருந்ததோ ஒரே ஒரு வைல்டு கார்டு இடம்.

செப்டம்பர் 28 இரவு. சொந்த மைதானத்தில் யாங்கீஸிடம் டாம்பா 0–7 எனப் பின்தங்கிக் கிடந்தது. எட்டாவது இன்னிங்ஸில் ஆறு ரன்கள் வந்தன. ஒன்பதாவதில் இரண்டு அவுட். மேனேஜர் ஜோ மேடன் மாற்று பேட்டராக டான் ஜான்சனை அனுப்பினார். அந்தப் பருவத்தில் அதுவரை அவருடைய பேட்டிங் சராசரி .108. அந்தச் சராசரிக்காரரை அந்த நேரத்தில் அனுப்ப ஒரு நெஞ்சுரம் வேண்டும். இரண்டு ஸ்ட்ரைக் விழுந்தபின் ஜான்சன் அடித்த பந்து வலது எல்லைக் கம்பத்தை ஒட்டி ஹோம்ரன் ஆனது. 7–7.

அதே இரவு பால்டிமோரில் மழையால் தடைபட்ட ஆட்டத்தில் பாஸ்டன் 3–2 என முன்னிலை. ஒன்பதாவது இன்னிங்ஸில் முதல் இருவரையும் ஸ்ட்ரைக்-அவுட் ஆக்கினார் பாஸ்டன் பிட்சர் பாப்பல்பான். இன்னும் ஒரு அவுட் போதும். அடுத்தடுத்து இரண்டு டபிள்கள்; ஸ்கோர் சமன். பிறகு பால்டிமோரின் ஆண்டினோ இடப்பக்கம் அடித்த பந்தைச் சறுக்கிக்கொண்டு பிடிக்கப் போனவர் அதே கிராஃபோர்டு. பந்து கையுறையில் பட்டு நழுவியது. பாஸ்டன் தோற்றது.

மூன்றே நிமிடங்களில், டாம்பாவின் ஆட்டத்தில், பன்னிரண்டாவது இன்னிங்ஸில், எவன் லாங்கோரியா அடித்த பந்து இடது மூலைச் சுவரை மயிரிழையில் தாண்டியது. 8–7. கிராஃபோர்டு தாவிப் பந்து பிடிக்க வசதியாக இருக்கட்டும் என்று டாம்பாவே சில ஆண்டுகளுக்கு முன் உயரம் குறைத்த சுவர் அது.

பிளேஆஃபில் டெக்சஸிடம் நான்கே ஆட்டங்களில் டாம்பா தோற்று வெளியேறியது. அதனால் அந்தச் செப்டம்பரின் மதிப்பு எனக்குக் குறையவில்லை.

அடுத்த வாரம்: 1951, ஆகஸ்டில் பதின்மூன்றரை ஆட்டங்கள் பின்தங்கியிருந்த நியூயார்க் ஜயன்ட்ஸ்.

(தொடரும்)